நெஞ்சில் பொரிப்பொரியாக இருக்கிறதா? மருந்துக்கடையில் க்ரீம் கேட்கும் முன் இதைப் படியுங்கள்!

முகத்தில் ஒரு பரு வந்தால் வீடே அதைக் கவனிக்கும். அம்மா கடலை மாவு பூசச் சொல்வார், தோழி ஃபேஸ் வாஷ் பெயர் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா 'சூடு உடம்பு, எண்ணெய் தேய்ச்சுக் குளி' என்பார். அதே பரு நெஞ்சில் வந்தால் யாருக்கும் தெரியாது. துப்பட்டாவும் சட்டை பட்டனும் மறைத்துவிடும். வெளியில் சொல்லவும் கூச்சம். டாக்டரிடம் காட்ட அதைவிடக் கூச்சம். கடைசியில் தெருமுனை மருந்துக்கடையில், 'நெஞ்சுல அரிப்பா இருக்கு, ஏதாவது க்ரீம் கொடுங்க' என்ற ஒரே வரியில் மொத்த வைத்தியமும் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. நெஞ்சில் வரும் பொரி எல்லாம் ஒன்றல்ல. வியர்க்குரு, பரு, பூஞ்சைத் தொற்று, அலர்ஜி என்று குறைந்தது ஐந்தாறு காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சரியான மருந்து இன்னொன்றை மோசமாக்கிவிடும். க்ரீமைத் தேடுவதற்கு முன், வந்திருப்பது என்ன என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

நெஞ்சுத் தோல் ஏன் இப்படி?

நெஞ்சின் நடுப்பகுதியில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். அதனால்தான் முகம், முதுகு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இங்கே பரு வருகிறது. வியர்வையும் இங்கே தேங்கும். உள்ளாடை, சங்கிலி, பையின் பட்டை என்று நாள் முழுவதும் ஏதாவது ஒன்று உரசிக்கொண்டே இருக்கும். கழுத்துக்குக் கீழே 'வி' வடிவில் திறந்திருக்கும் இடத்தில் வெயில் நேராகப் படும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் வேறு வியர்வையை உலரவிடாது.

இன்னொரு முக்கியமான விஷயம், தழும்பு. உடலில் 'கீலாய்டு' எனப்படும் தடித்த தழும்பு அதிகமாக வரும் இடங்களில் நெஞ்சின் நடு எலும்புப் பகுதியும் ஒன்று. சின்னப் பருவைக் கிள்ளிய காயம்கூட, அந்தக் காயத்தின் எல்லையைத் தாண்டிப் பெரிதாக வளர்ந்து, அரிப்பும் வலியுமாக வருடக்கணக்கில் நிற்கலாம். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இதற்கான வாய்ப்பு கூடுதல். அறுத்து எடுத்தால் மட்டும் போதாது, பலருக்குத் திரும்ப வளரும். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் இப்படித் தடித்த கட்டி வந்திருந்தால், நெஞ்சில் வரும் பருவை எந்தக் காரணத்துக்காகவும் கிள்ளக் கூடாது.

கண்ணாடி முன்னால் 2 நிமிடம்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரிக்கிறதா, வலிக்கிறதா? எல்லாப் பொரியும் ஒரே அளவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா? எந்த இடத்தில் அதிகம்? எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் புதிதாக என்ன வாங்கினீர்கள்? இந்தப் பதில்களை வைத்து ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

வியர்க்குரு: வெயில் நாளில், வியர்த்துக் கொட்டிய பிறகு, குத்துவதுபோன்ற அரிப்போடு சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள். வியர்வை வெளியேறும் நுண்குழாய் அடைபடுவதால் வருவது. குளிர்ந்த இடத்தில் இருந்து, தளர்வான பருத்தி ஆடை போட்டால் பெரும்பாலும் சில நாள்களில் தானே அடங்கிவிடும். வியர்வை ஈரத்தின் மேலேயே பவுடரை அப்புவது உதவாது. அது வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும்.

பரு: பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். நடுநடுவே கரும்புள்ளி, வெண்புள்ளி தெரியும். சில பருக்களில் சீழ் இருக்கும். பதின்ம வயதில் இது சகஜம். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் கூடினால், பின்னணியில் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிம் போகும் இளைஞர்களுக்குத் திடீரென நெஞ்சிலும் முதுகிலும் ஒரே மாதிரியான பருக்கள் கிளம்பினால், எடுத்துக்கொள்ளும் பவுடர், ஊசி, மாத்திரை என்ன என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. தசை வளர்க்கப் பயன்படுத்தும் ஸ்டீராய்டுகள் பருவைக் கிளப்பிவிடும்.

பரு போலத் தெரியும் பூஞ்சை: அதிகம் ஏமாற்றுவது இதுதான். எல்லாப் பொரியும் ஒரே அளவில், அச்சில் வார்த்ததுபோல இருக்கும். நன்றாக அரிக்கும். கரும்புள்ளியே இருக்காது. எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் 'மலசீசியா' என்ற ஈஸ்ட், வியர்வையும் எண்ணெயும் சேரும்போது முடிக்காலுக்குள் பெருகுவதால் வருகிறது. பரு என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குறையாது, கூடவும் செய்யலாம். இதற்குத் தேவை பூஞ்சைக்கு எதிரான மருந்து.

சொரசொரப்பு: அரிப்பும் வலியும் பெரிதாக இருக்காது. தடவிப் பார்த்தால் உப்புத்தாள்போல இருக்கும். பார்க்க, சிறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி. முடிக்காலின் வாயைக் 'கெரட்டின்' என்ற புரதம் அடைப்பதால் வருவது. கைகளின் மேல்பகுதியிலும் தொடையிலும் அதிகம், சிலருக்கு மற்ற இடங்களிலும் இருக்கும். பரம்பரையாக வரும், ஆனால் தொற்றாது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. யூரியா அல்லது லாக்டிக் ஆசிட் கலந்த மாய்ஸ்ச்சரைசரைத் தொடர்ந்து தடவினால் மென்மையாகும். விட்டால் திரும்ப வரும். வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும்.

அலர்ஜி: பொரி இருக்கும் இடத்தின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சங்கிலி படும் கோட்டில் மட்டும் என்றால் கவரிங் நகையில் உள்ள நிக்கல். சென்ட் அடிக்கும் இடத்தில் மட்டும் என்றால் சென்ட். உள்ளாடை விளிம்பில் என்றால் எலாஸ்டிக், சாயம் அல்லது சரியாக அலசப்படாத சோப்புத் தூள். நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத ஒரு பொருள் உண்டு. தாலிக்கொடியில் அவசரத்துக்கு உதவும் என்று கோத்து வைத்திருக்கும் ஊக்குகள்! அவற்றில் நிக்கல் இருந்தால், வியர்வை பட்டுப் பட்டு, ஊக்கு உரசும் இடத்தில் தோல் கறுத்துத் தடித்து அரிக்கும். ஊக்குகளைக் கழற்றி வைத்து 2, 3 வாரங்கள் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். மஞ்சள் கயிறு அணிபவர்கள் குளித்த பிறகு ஈரக் கயிற்றை நெஞ்சில் ஒட்டவிடாமல் துண்டால் ஒற்றி உலர்த்துவது நல்லது.

படர்தாமரை: வட்டமாக, ஓரம் சிவந்து மேடாக, நடுவில் சற்றுத் தெளிந்து பரவும். மார்பகத்துக்குக் கீழே மடிப்பில் இதுவும் வரலாம், ஈரத்தில் வளரும் வேறு பூஞ்சையும் வரலாம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் பரவும். துண்டு, உள்ளாடை, சீப்பு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இரண்டே நாளில் 'சரியாக்கும்' ட்யூப்

இந்தப் பட்டியலில் எது வந்தாலும், கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஒரே மாதிரி ட்யூப். உள்ளே பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாம் ஒன்றாக!

தடவிய இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். 'நல்ல க்ரீம்' என்று பெயர் வாங்கிவிடும். உண்மையில் நடந்தது வேறு. ஸ்டீராய்டு, தோலின் எதிர்ப்பு வினையை அடக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அரிப்பு என்ற அலாரம் அணைந்துவிட்டது. உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும். க்ரீமை நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். மறுபடி அதே ட்யூப். இப்படியே மாதங்கள் ஓடும். படர்தாமரையின் வட்ட வடிவமே கலைந்து, பார்த்தவுடன் அடையாளம் காண முடியாத அளவுக்கு மாறிவிடும்.

இந்தியாவில் படர்தாமரை சில ஆண்டுகளாகப் பிடிவாதமான நோயாகிவிட்டது. வழக்கமான மருந்தான டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத பூஞ்சை வகையும் பரவியிருக்கிறது. 2020-ல் அந்த வகைக்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று நம் நாட்டின் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். இந்தப் பிடிவாதத்துக்குக் கண்டபடி தடவிய ஸ்டீராய்டு கலப்பு க்ரீம்களும் ஒரு காரணம் என்று சரும மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள்.

பூஞ்சையோடு போவதில்லை. வீரியமான ஸ்டீராய்டை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், நிறம் வெளுக்கும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு போன்ற புதுப் பொரிகள் முளைக்கும். மார்பிலும் அக்குளிலும் வரிவரியாகத் தோல் பிளந்த தழும்புகள் விழலாம். கர்ப்ப காலத்தில் வயிற்றில் விழுகிறதே, அதேபோன்ற கோடுகள். ஒருமுறை விழுந்தால் மங்குமே தவிர, முழுதாக மறையாது.

இதனால்தான் 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம், தோலில் தடவும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாத 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. கேட்டால் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் ட்யூபை எடுத்து, பின்பக்கம் உள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. 'சிவப்பழகு' க்ரீம் என்று கைக்குக் கை மாறுகிறதே, அவற்றில் சிலவற்றிலும் இதே பெயர்கள் இருக்கும்.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று அர்த்தமில்லை. கரப்பான், கடுமையான அலர்ஜி போன்றவற்றுக்கு அது அருமையான மருந்து. எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மாதக்கணக்கில் தடவி வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறியவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் தோல் எரிச்சலோடு சிவந்து கிளம்பலாம். எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவதே சரி.

சமையலறை வைத்தியம் வேண்டாமே!

எலுமிச்சை, சமையல் சோடா, டூத் பேஸ்ட். இந்த மூன்றையும் நெஞ்சுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்புண் போலக் கொப்பளித்துக் கறுத்துவிடலாம். சமையல் சோடா தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுக்கும். பீர்க்கங்காய் நார், கரடுமுரடான ஸ்க்ரப் இரண்டும் பருவை உடைத்து, தொற்றைப் பரப்பி, கரும்புள்ளியை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லதுதான். ஆனால் பருவும் பூஞ்சைப் பொரியும் இருக்கும் நெஞ்சில் பூசினால் அடைப்பைக் கூட்டும்.

தினமும் என்ன செய்யலாம்?

* வெந்நீர் வேண்டாம். பச்சைத் தண்ணீரோ, கை பொறுக்கும் இளஞ்சூடோ போதும். 10 நிமிடங்களுக்குள் குளித்து முடியுங்கள்.

* தலைக்குக் குளிக்கும் நாளில் முதலில் தலையை அலசுங்கள், கண்டிஷனரை முழுதாகக் கழுவுங்கள், அதன் பிறகு உடம்புக்குச் சோப்பு போடுங்கள். இல்லையென்றால் கண்டிஷனர், எண்ணெய் எல்லாம் வழிந்து நெஞ்சிலும் முதுகிலும் தங்கிவிடும்.

* வாசனையில்லாத, மென்மையான க்ளென்ஸர் நல்லது. கையாலேயே தடவிக் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

* ஈரம் முழுதாகக் காய்வதற்குள், வாசனையில்லாத லேசான மாய்ஸ்ச்சரைசர் தடவுங்கள். பரு உள்ளவர்கள் அட்டையில் 'நான் காமெடோஜெனிக்' என்று இருக்கிறதா பாருங்கள். துளைகளை அடைக்காத வகை என்று அதற்குப் பொருள்.

* விளையாட்டு, ஜிம், சமையல் வேலை முடிந்து வியர்த்த ஆடையோடு உட்கார்ந்திருக்காதீர்கள். குளிக்க முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்து, உடையையாவது மாற்றுங்கள். உள்ளாடையைத் தினமும் துவைத்து, சோப்பு போக அலசி, வெயிலில் காயவையுங்கள்.

* நெஞ்சில் ஷேவ் செய்யும் ஆண்களுக்கு, வெட்டிய முடி உள்நோக்கி வளைந்து பொரியாகலாம். முடியை ஒட்ட மழிக்காமல் ட்ரிம் செய்தாலே பாதிப் பிரச்னை குறையும்.

* பரு ஆறிய கரும்புள்ளிகள் வெயிலில் இன்னும் கறுக்கும். திறந்திருக்கும் 'வி' பகுதிக்கும் சன்ஸ்க்ரீன் தேவை. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்...

பரு என்று உறுதியாகத் தெரிந்தால், 2 சதவிகித சாலிசிலிக் ஆசிட் உள்ள வாஷ் அல்லது 2.5 சதவிகித பென்சாயில் பெராக்ஸைடு, இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்திப் பார்க்கலாம். பென்சாயில் பெராக்ஸைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால், வெள்ளை பனியனும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 2, 3 முறை என்று ஆரம்பித்து, எரிச்சல் இல்லாவிட்டால் கூட்டுங்கள்.

எந்தப் புதுப் பொருளாக இருந்தாலும் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சிறு இடத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு வாருங்கள். ஒரே நாளில் மூன்று புதுப் பொருள்களை ஆரம்பித்தால், எரிச்சல் வரும்போது எது காரணம் என்றே தெரியாது. பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகும். இரண்டே நாளில் எல்லாம் மாயமாகிவிட்டால் மகிழ்வதற்கு முன், ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் அம்மாக்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவக் கூடாது. குழந்தையின் வாயும் கன்னமும் படும் இடம் அது.

தள்ளிப்போடவே கூடாதவை

நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும், பட்டை போட்டதுபோல எரிச்சலோடு கொப்புளங்கள் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழுவதுதான் அக்கி. நம் ஊர்களில் செம்மண் குழைத்து 'அக்கி எழுதுவது' பழைய வழக்கம். ஆனால் வைரஸுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் தொடரலாம்.

ஒரு பக்க மார்பகக் காம்பில் மட்டும் புண், செதில், கசிவு இருந்து சில வாரங்களில் ஆறவில்லை என்றாலும், மார்பகத் தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாகத் தடித்தாலும், க்ரீம் தடவிப் பார்க்கும் வேலையே வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோயின் சில வகைகள் இப்படித் தோல் பிரச்னையாகவே தலைகாட்டும்.

காய்ச்சலோடு சீழ்க் கட்டி, வேகமாகப் பரவும் சிவப்பு, புது மாத்திரை சாப்பிட்ட பிறகு உடலெங்கும் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குவது... இவையெல்லாம் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

கூச்சத்தை எப்படித் தாண்டுவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்க்குத் தனிப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்றால், பரிசோதிக்கும்போது பெண் செவிலியரோ, உடன் வந்தவரோ அருகில் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. பொரி இருக்கும் இடத்தை மட்டும் காட்டினால் போதும். தேவைப்பட்டால் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சை இருக்கிறதா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதில் பங்குண்டு. பெண்ணோ பையனோ காலர் வைத்த சட்டையையே தேடிப் போடுகிறார்கள், நீச்சலுக்கு வர மறுக்கிறார்கள் என்றால், ஒருமுறை தனியாக அழைத்துக் கேளுங்கள். 'சுத்தமா குளிக்கிறதில்ல' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பரு அழுக்கால் வருவதில்லை. அந்த ஒரு வார்த்தையில் பிள்ளைகள் இன்னும் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது, இதுவரை தடவிய எல்லா ட்யூபையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பொரி அதிகமாக இருந்த நாளில் எடுத்த போட்டோ மொபைலில் இருந்தால் அதையும் காட்டுங்கள். 'ஏதோ மஞ்சள் ட்யூப் சார்' என்று சொல்வதைவிட அந்தப் பை பல மடங்கு உதவும். பாதி நோய்க்கான காரணம் அதற்குள்ளேயே கிடைத்தாலும் ஆச்சர்யமில்லை.